ஒருவர் கையில் ஒன்பது வேலை

கொல்கத்தா மாநகரில் நம்மவர் நடத்திவரும் சிறு தொழில்கள் பல. லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் இட்லி, தோசை விற்கும் சிற்றுண்டிச் சாலைகளைக் காணலாம். பூவும் வாழையிலையும் வெற்றிலையும் விற்கும் கடைகளைக் காணலாம். மாவரைத்து வீடுகளுக்கு அனுப்புவோர் உளர்; அப்பளம், ஊறுகாய் செய்து கொடுப்போர் உளர்; பாட்டும் பரதமும் கற்பிப்போர் உளர். இத்தொழில்களுள் பெரும்பாலானவற்றிற்கு ஒரு பொது இலக்கணம் உண்டு. முதலாளியே சமையற்காரர், அவரே சரக்கு வாங்குபவர், கல்லாவில் அமர்பவரும் அவரே, இரவில் கணக்கெழுதுபவரும் அவரே. அவர் படுத்தால் கடையும் படுத்துவிடும்.

இதனால் விளையும் இன்னல் எத்தகையது என்பதை நாம் அறியாதவரல்லோம். ஹௌராவிலிருந்து சென்னை சுமார் 1,660 கிலோமீட்டர். விரைவு வண்டியிலேயே ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிடும்; அதற்குமேல் தஞ்சைக்கோ நெல்லைக்கோ போகவேண்டியவர் மேலும் ஓர் இரவைக் கழித்தாக வேண்டும். ஊரிலிருந்து “அம்மாவுக்கு முடியவில்லை” என்று தொலைபேசி வருகிறது. இரயில்வேயில் எழுத்தராக இருக்கும் என்னிடம், வண்டி விவரம் கேட்டு அறிந்தவர்கள் வருவதுண்டு. அவர்களுள் கடைக்காரர்களை எளிதில் இனங்கண்டு கொள்ளலாம். அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் போவதற்கு மட்டும் இடம் கேட்பார். கடை வைத்திருப்பவரோ போவதற்கும் மூன்றாம் நாளே திரும்புவதற்கும் சேர்த்துக் கேட்பார். பெற்ற தாயின் பதினாறாம் நாள் காரியம் வரையில் ஊரில் தங்க அவரால் இயலாது. “கடையை யார் பார்ப்பது?” என்னும் ஒரு கேள்வி, இருபது ஆண்டு உழைத்த மனிதரை ஈமக்கடனிலிருந்தும் பிரித்துவிடுகிறது. பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கவேண்டிய மகள் மாலைதோறும் கல்லாவில் அமர்வதற்கும், இல்லத்தரசியார் முதுகுவலியோடு மாவரைப்பதற்கும் அந்தக் கேள்வியே காரணம்.

ஆகவே, வேலையைப் பிறரிடம் ஒப்படைத்தல், துணைவர் குழு ஒன்றை அமைத்துக்கொள்ளல் என்பன பெரிய ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் மட்டும் உரியவை அல்ல. நான்கு மேசை போட்ட உணவுச் சாலைக்கும் அவை இன்றியமையாதவை. அதனை எவ்வாறு செய்வது என்று சிறிது ஆராய்வோம்.

ஏன் ஒப்படைப்பதில்லை?

கடைக்காரர்களைக் கேட்டால் நான்கு விடைகள் கிடைக்கும். “ஆள் நிலைப்பதில்லை” என்பது ஒன்று. “நம் கைப்பக்குவம் வேறொருவருக்கு வராது” என்பது இரண்டாவது. “பணத்தை நம்பி விடமுடியாது” என்பது மூன்றாவது. “இன்னோர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்தால் கட்டுப்படியாகாது” என்பது நான்காவது.

இவற்றுள் எதையும் வெறுஞ்சாக்கு என்று நாம் தள்ளிவிடுதல் தகாது. ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் வேலையை ஒப்படைக்கும்போது பெரும்பாலும் உழைப்பை மட்டுமே ஒப்படைக்கிறோம். “இதைச் செய்” என்று சொல்கிறோம். எதுவரை தானே முடிவு செய்யலாம் என்று சொல்வதில்லை. செய்ததற்குக் கணக்குக் கேட்கும் முறையை ஏற்படுத்துவதில்லை. இவ்வேலையை நன்கு செய்தால் நாளை தன் நிலை என்னவாகும் என்பதும் அவனுக்குத் தெரிவதில்லை. எல்லை, கணக்கு, ஏற்றம் என்னும் இம்மூன்றும் இல்லாமல் கொடுத்த வேலை, கொடுத்தவரிடமே திரும்பி வந்துவிடும். இம்மூன்றையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் கடலுக்கு அப்பாலும் கடை நடத்தினார்கள். அவர்கள் நம் தமிழரே.

கடல் கடந்த கடைகள்

1852 ஆம் ஆண்டில் கீழைப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869 இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பர்மிய அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. காடு வெட்டி வயலாக்கிய உழவர்க்குக் கடன் தேவைப்பட்டது. அக்கடனை வழங்கியவர்களுள் முதன்மையானோர் செட்டிநாட்டு நகரத்தார். 1929-30 இல் பர்மிய வங்கித்தொழிலை ஆராய்ந்த அரசாங்கக் குழு, அந்நாட்டில் சுமார் 1,650 நகரத்தார் கடைகள் இருந்ததாகக் கணக்கிட்டது. இலங்கை, மலேயா, சிங்கப்பூர் ஆகிய இடங்களிலும் அவர்தம் கடைகள் பரவியிருந்தன.

இக்கடைகளின் முதலாளிகள் பலர் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் சுற்றுப்புற ஊர்களிலுமே வாழ்ந்தனர். கடிதம் கப்பலில் போய் விடை கப்பலில் வரவேண்டிய காலம் அது. இரங்கூனிலுள்ள கடையில் இன்று ஒருவருக்குக் கடன் கொடுக்கலாமா என்பதைக் காரைக்குடியிலிருந்து நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்க இயலாது. அப்படியிருந்தும் தொழில் நடந்தது. எவ்வாறு நடந்தது?

முதலாவது, எல்லை. கடைக்குப் பொறுப்பாகச் செல்பவர் மேலாள் எனப்படும் ஏஜண்டு. அவருக்கு எழுத்து மூலமான அதிகாரப் பத்திரம் உண்டு. கடையின் விலாசத்தை, அதாவது குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளை இட்டு, அவர் கையெழுத்திடுவார். பதவிக்காலம் வழக்கமாக மூன்றாண்டு. சம்பளம் புறப்படும் முன்பே பேசி எழுதப்பட்டுவிடும். அதில் ஒரு பகுதி முன்பணமாகவும் கொடுக்கப்படும். இரங்கூன் நகரத்தார் தம் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்யும் வழக்கமும் இருந்தது. ஆகவே ஏஜண்டு தனித்து விடப்பட்டவர் அல்லர். ஒரு வரம்புக்குள் நின்று, அவ்வரம்புக்குள் முழு உரிமையோடு முடிவு செய்பவர்.

இரண்டாவது, கணக்கு. பேரேடும் நாட்குறிப்பும் முறையாக எழுதப்பட்டன. ஐந்தொகை எனப்படும் வரவு செலவு நிலைக்கணக்கு ஊருக்கு அனுப்பப்பட்டது. மூன்றாண்டு முடிந்ததும் புதிய ஏஜண்டிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுப் பழையவர் ஊர் திரும்புவார். தமக்குப்பின் வருபவர் ஒவ்வொரு வரியையும் பார்ப்பார் என்பதை அறிந்தவர் கணக்கை ஒழுங்காகவே எழுதுவார் அன்றோ?

மூன்றாவது, ஏற்றம். கடையில் முதலில் சேர்பவன் பெட்டியடிப் பையன். அவன் கற்றுத் தேறினால் அடுத்தாள் ஆவான். அடுத்தாள் தேறினால் மேலாள் ஆவார். மேலாளுக்குச் சம்பளத்தோடு இலாபத்திலும் ஒரு பங்கு உண்டு. அவ்வாறு சேர்த்த பொருளைக்கொண்டு தனிக்கடை வைத்தவர் பலர். செல்வக் குடும்பத்துப் பிள்ளைகளும் பிறர் கடையில் கீழ்ப்படியிலிருந்து பயில்வது வழக்கம். ஏ. எம். முருகப்பச் செட்டியார் இளமையிலேயே பர்மா சென்று உறவினர் கடையில் பயின்று, 1900 ஆம் ஆண்டில் மோல்மேன் நகரில் சொந்தத் தொழில் தொடங்கினார். இன்றைய முருகப்பா குழுமத்தின் வேர் அதுவே. (சிறுவரை வேலையில் அமர்த்தியது அக்கால வழக்கம். இன்று 14 வயதுக்கு உட்பட்டோரைக் கூலிவேலைக்கு வைத்தல் சட்டப்படி குற்றம் என்பதை நினைவிற் கொள்க.)

இம்முறையைப் புகழும்போது மற்றொன்றையும் சொல்லவேண்டும். 1930 ஐ ஒட்டிய பொருளாதார மந்தத்தில் அரிசி விலை வீழ்ந்தது. கடனைத் திருப்ப முடியாத பர்மிய உழவரின் நிலங்கள் கைமாறின. அப்பத்தாண்டின் இறுதியில் கீழைப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் வசமிருந்தது. அதனால் எழுந்த பகைமையும், 1942 இல் நிகழ்ந்த ஜப்பானியப் படையெடுப்பும் அத்தொழிலைக் குலைத்தன. தொழிலின் அறம் வேறு, தொழிலை நடத்தும் முறை வேறு. நாம் இங்கு எடுத்துக்கொள்வது முறையை மட்டுமே. கடலுக்கு அப்பாலுள்ள பெட்டிச்சாவியை மூன்றாண்டுக்கு ஒருவரிடம் கொடுக்க அவர்களால் முடிந்தது. அடுத்த அறையிலுள்ள கல்லாச்சாவியை மூன்று மணி நேரத்துக்குக் கொடுக்க நம்மால் ஏன் முடியவில்லை என்பதே கேள்வி.

குண்டு இன்றி வண்டி புறப்படாது

என் அலுவலகத் துறையிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுக் கூற விரும்புகிறேன். ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரே சமயத்தில் ஒரு வண்டிதான் போகலாம். இதனை உறுதி செய்ய இந்திய இரயில்வேயின் பல பகுதிகளில் நெடுங்காலம் குண்டு முறை வழங்கிற்று. இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அக்கருவியிலிருந்து ஓர் இரும்புக் குண்டை எடுத்து, வளையம் பொருத்திய பையிலிட்டு ஓட்டுநரிடம் கொடுப்பர். ஒரு குண்டு வெளியே இருக்கும்வரை மற்றொரு குண்டு எக்கருவியிலிருந்தும் வராது. அடுத்த நிலையத்தில் அதனைக் கருவியிலிட்ட பின்னரே பாதை மீண்டும் திறக்கும்.

இதில் நமக்குரிய பாடம் யாது? அதிகாரம் என்பது கையில் பிடித்துக் காட்டக்கூடிய பொருளாக இருந்தது. அது யாரிடம் இருக்கிறது என்பதில் ஐயமில்லை; எந்த இடம் வரையில் செல்லும் என்பதிலும் ஐயமில்லை. ஒரே சமயத்தில் இருவரிடம் அது இருக்க வழியுமில்லை. நம் கடைகளில் நேர்வதோ இதற்கு மாறானது. காய்கறி வாங்கும் பொறுப்பை ஓர் ஆளிடம் கொடுக்கிறோம். அவன் சந்தைக்குப் புறப்படும்போது மனைவியார் ஒன்று சொல்கிறார். மைத்துனர் மற்றொன்று சொல்கிறார். முதலாளி கைபேசியில் அழைத்து வேறொன்று சொல்கிறார். ஒரே பாதையில் மூன்று வண்டி விட்டால் மோதத்தானே செய்யும்? பிறகு, “ஆள் சரியில்லை” என்கிறோம்.

எதனை, எவரிடம், எவ்வளவு?

லேக் மார்க்கெட்டுப் பக்கத்தில் சிற்றுண்டிச் சாலை நடத்தும் அன்பர் ஒருவர் ஈராண்டுக்கு முன் இதனைச் செய்து பார்த்தார். அவர் முதலிற் செய்தது மிக எளியது. ஒரு வாரம் தாம் செய்த வேலைகளையெல்லாம் நேரத்தோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். விடியற்காலை நான்கரை மணிக்கு மாவைப் பார்ப்பதிலிருந்து இரவு பதினொரு மணிக்குப் பூட்டுவதுவரை முப்பத்தொரு வேலைகள் இருந்தன. அவற்றை மூன்று பிரிவாக்கினார். இன்றே பிறர் செய்யக்கூடியவை, கற்றுக்கொடுத்தால் பிறர் செய்யக்கூடியவை, தாமே செய்யவேண்டியவை. மூன்றாம் பிரிவில் எஞ்சியவை ஐந்தே. விலை நிர்ணயித்தல், ஆளைச் சேர்த்தல், பெரிய கொள்முதல், சுவை பார்த்தல், வாரக் கணக்கைச் சரிபார்த்தல் என்பனவே அவை.

கைப்பக்குவம் என்னும் தடையை அவர் அளவையால் வென்றார். “கொஞ்சம் உப்பு, ஒரு கை வெந்தயம்” என்பதைக் கிராமாக நிறுத்து எழுதினார். நான்கு படி புழுங்கலரிசிக்கு ஒரு படி உளுந்து. ஊறும் நேரம் இவ்வளவு. சித்திரை வெயிலில் மாவு விரைவில் பொங்கிவிடும் என்பதால் மாலை தாழ்த்தி அரைத்தல். மார்கழிக் குளிரில் புளிப்பதற்கு நேரமாகும் என்பதால் முற்பகலிலேயே அரைத்தல். இவற்றைத் தம் உதவியாளர் ஒருவரைக்கொண்டு வங்காள எழுத்திலும் எழுதிச் சுவரில் ஒட்டினார். முதல் மாதம் தாம் செய்ய உதவியாளர் பார்த்தார். இரண்டாம் மாதம் உதவியாளர் செய்ய இவர் பார்த்தார். மூன்றாம் மாதம் செய்து முடித்தபின் சுவை மட்டும் பார்த்தார். நடுவில் இருமுறை சாம்பார் கெட்டது உண்மை. அதன் இழப்பைப் பயிற்சிச் செலவு என்று கணக்கில் எழுதிக்கொண்டார்.

பண விஷயத்தில் அவர் கைக்கொண்டது இரயில் நிலையங்களில் உள்ள ஒரு வழக்கம். அங்குச் சில்லறைச் செலவுக்கென ஒரு குறிப்பிட்ட தொகை முன்பணமாக இருக்கும். அதற்கு இம்பிரஸ்ட் என்று பெயர். செலவுக்குச் சீட்டுக் காட்டினால் செலவான தொகை மட்டும் மீண்டும் நிரப்பப்படும். கையிலுள்ள பணமும் சீட்டுகளும் சேர்ந்து எப்போதும் அதே தொகையாக இருத்தல் வேண்டும். நம் அன்பர் கடையின் மூத்த ஊழியரிடம் ஆயிரம் ரூபாயை இவ்வாறு கொடுத்தார். பால், கொத்துமல்லி, எரிவாயு உருளை கொண்டுவருபவருக்குக் கூலி போன்றவற்றை அவரே முடிவு செய்யலாம். முந்நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒரு செலவுக்கு மட்டும் கேட்க வேண்டும். இதில் எல்லையும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. நம்பிக்கை என்பது மனத்தில் தானே தோன்றும் வரையில் காத்திராமல், சிறு தொகையில் தொடங்கிப் படிப்படியாக வளர்க்கத்தக்கது என்பதை இது காட்டுகிறது.

நாளுக்கு ஒரு தாள்

கணக்குக் கேட்பது என்றவுடன் எந்நேரமும் பின்னால் நின்று மேற்பார்ப்பது என்று சிலர் பொருள் கொள்கின்றனர். அது தவறு. நம் நகரின் படா பஜாரில் மார்வாரி வணிகர்கள் முனீம்களிடம் கடையை ஒப்படைத்து நடத்திய மரபு பழமையானது. அம்மரபில் வந்தவரே 1919 இல் இந்நகரில் சணல் ஆலை நிறுவிய கன்சியாம்தாஸ் பிர்லா (1894-1983). அவருடைய நிறுவனங்களில் பட்தா என்னும் நாட்கணக்கு முறை புகழ்பெற்றது. அன்றன்று உற்பத்திக்கு என்ன செலவு, எதிர்பார்த்த இலாபம் கிட்டிற்றா என்பது சுருக்கமாக மேலிடத்துக்கு வந்துவிடும். எண் சரியாக இருந்தால் ஆலை மேலாளரின் அன்றாட வேலையில் தலையிடத் தேவையில்லை. எண் பிசகினால் அன்றே கேட்கலாம்.

நம் கடைக்கும் ஒரு தாள் போதும். இன்று அரைத்த மாவு எவ்வளவு, விற்ற தட்டு எத்தனை, மிஞ்சியது எவ்வளவு, ரொக்கமாக வந்தது எவ்வளவு, கைபேசி வழியாக வந்தது எவ்வளவு: இவ்வைந்து எண்களை எழுதினால், கடையில் நடந்தவற்றுள் பெரும்பகுதி தெரிந்துவிடும். கும்பகோணத்தில் இருந்துகொண்டும் அத்தாளின் படத்தைக் கைபேசியில் பார்க்கலாம். அக்காலத்து ஐந்தொகை கப்பலில் வந்தது; நமக்கு அது நொடியில் வருகிறது.

வீட்டிலிருந்தே துணைவர்

துணைவர் என்றால் முழுநேரச் சம்பள ஆள் என்று கொள்ளவேண்டியதில்லை. 1959 மார்ச்சு மாதம் பம்பாய் கிர்காவ் பகுதியில் ஏழு பெண்மணிகள் 80 ரூபாய்க் கடனை முதலாகக்கொண்டு அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே லிஜ்ஜத் அப்பள நிறுவனமாக வளர்ந்தது. அதன் வேலைமுறையைக் கவனியுங்கள். மாவு நிலையத்தில் ஒரே பக்குவத்தில் பிசையப்படும். உறுப்பினர் அதனை நிறுத்து வாங்கிச் சென்று, வீட்டில் ஓய்ந்த நேரத்தில் அப்பளமாக இட்டு உலர்த்தி, மறுநாள் கொண்டுவந்து தருவர். தரம் பார்த்து ஏற்றுக்கொண்டபின் இட்ட அளவுக்குக் கூலி கிடைக்கும். உறுப்பினர்கள் கூலியாட்கள் அல்லர், அனைவரும் உரிமையாளர். அந்நிறுவனத்தை முதலில் தொடங்கிய எழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மையாருக்கு 2021 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

இம்முறையில் ஒரு நுட்பம் உளது. எந்தப் பகுதி ஒரே மாதிரி இருத்தல் வேண்டுமோ அது ஓரிடத்தில் நடக்கிறது; எந்தப் பகுதிக்கு நேரமும் கைகளும் மிகுதியாக வேண்டுமோ அது பல வீடுகளுக்குச் செல்கிறது; இறுதிப் பார்வை மீண்டும் ஓரிடத்தில் நடக்கிறது. நம் சகோதரிகள் நடத்தும் ஊறுகாய், பொடி, முறுக்குத் தொழில்களுக்கு இஃது அப்படியே பொருந்தும். பண்டிகைக் காலத்தில் ஒருவரே இரவெல்லாம் கண்விழித்து முறுக்குச் சுற்றுவதைவிட, மாவைத் தாம் கலந்து மூன்று வீடுகளுக்கு நிறுத்துக் கொடுப்பது மேல். பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கும் நாலு காசு வரும்.

கணக்குப்பிள்ளையும் இத்தகைய வெளித்துணைவரே. சரக்கு சேவை வரி 2017 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைக் கடக்கும் உணவுச் சாலை அதில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்குரிய படிவங்களை இரவு பன்னிரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் தாமே நிரப்பித் தாமதக் கட்டணம் கட்டுவோரை நாம் பார்க்கிறோம். அத்தொழில் தெரிந்த ஒருவருக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகை கொடுப்பது சிக்கனமே. “கட்டுப்படியாகாது” என்போர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊருக்குப் போகும்போதும் நோயில் விழும்போதும் கடை மூடிய நாட்கள் ஆண்டுக்கு எத்தனை? அந்நாட்களின் வருவாய் எவ்வளவு? அந்த இழப்பிலிருந்தே துணைவரின் சம்பளத்தில் ஒரு பகுதி வந்துவிடுவதைக் காணலாம்.

ஆள் நிலைக்க வழி

இறுதியாக, ஏற்றத்தைப் பற்றி. இந்நகரில் நம் கடைகளில் வேலை செய்வோருள் தமிழர் சிலரே. கானிங் பக்கத்திலிருந்து உள்ளூர் வண்டியில் பாலிகஞ்சு வந்து இறங்கும் வங்காளப் பெண்களும், ஒரிசாவிலிருந்து வந்த சமையற்காரர்களுமே பலர். முதலாளியைத் “தாதா” என்றும் அவர் மனைவியைப் “பௌதி” என்றும் உறவுமுறை சொல்லி அழைக்கும் இவர்களும் நம்மைப் போலவே வீட்டைவிட்டுப் பிழைக்க வந்தவர்கள். அல்லது நாள்தோறும் நெடுந்தொலைவு வந்து போகிறவர்கள். நமக்குப் பொங்கலுக்கு ஊர் நினைவு வருவதுபோல் அவர்களுக்குத் துர்க்கா பூசைக்கு வரும். பூசைக்கு முன் போனஸ் கொடுப்பது இந்நகரின் வழக்கம். வார விடுமுறை கொடுக்கவேண்டும் என்பது 1963 ஆம் ஆண்டின் மேற்கு வங்கக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் விதி. இவற்றைக் கேட்டபின் கொடுப்பதற்கும் கேளாமுன் கொடுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

அதற்குமேல் ஒரு படியும் வேண்டும். பாத்திரம் துலக்குபவர் மாவுப் பக்கம் வரலாம். மாவுப் பக்கத்திலிருப்பவர் தோசைக்கல்லுக்கு வரலாம். தோசைக்கல்லில் தேர்ந்தவர் கடைப்பொறுப்புக்கு வரலாம். ஒவ்வொரு படியிலும் சம்பளம் இவ்வளவு என்பதை முன்னரே சொல்லிவிட வேண்டும். “கற்றுக்கொண்டு போய்த் தனிக்கடை வைத்துவிட்டால்?” என்று சிலர் அஞ்சுகின்றனர். நகரத்தார் கடைகளில் மேலாட்கள் தனிக்கடை வைத்ததுண்டு. அதனால் பழைய கடை அழிந்துவிடவில்லை. நாளை தானும் ஒரு கடைக்கு உரியவனாகலாம் என்னும் எண்ணமே அவனை இன்று உண்மையாக உழைக்கச் செய்தது. எதிர்காலமே இல்லாத இடத்தில் எவரும் நிலைத்திருக்க மாட்டார்.

திருவள்ளுவர் அதிகாரங்களை அடுக்கியுள்ள வரிசையை இங்கு நினைவூட்டுதல் பொருந்தும். 51 ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல்: ஆராய்ந்து நம்புதல். 52 ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல்: தகுதி அறிந்து வேலையில் அமர்த்துதல். 53 ஆம் அதிகாரம் சுற்றந் தழால்: தம்மைச் சூழ்ந்தோரை அணைத்துக்கொள்ளல். 54 ஆம் அதிகாரம் பொச்சாவாமை: இத்தனையும் செய்தபின் சோர்ந்து மறந்துவிடாதிருத்தல். அரசனுக்குச் சொன்ன அம்முறை கடைக்காரருக்கும் ஏற்றதே. நான்காவதைக் குறிப்பாகக் கவனிக்க. வேலையை ஒப்படைத்தாலும் பொறுப்பு நம்முடையதே. கெட்டுப்போன மாவை விற்றது உதவியாளர் என்று வாடிக்கையாளரிடம் சொல்லித் தப்பமுடியாது. தாளைப் பார்க்காமல் ஒரு மாதம் விட்டுவிட்டுப் பிறகு, “ஏமாற்றிவிட்டான்” என்று புலம்புவதும் பயனற்றது.

மேலே சொன்ன சிற்றுண்டிச் சாலை அன்பர் சென்ற ஆண்டு தம் தமக்கை மகளின் திருமணத்துக்கு ஊருக்குச் சென்று பன்னிரண்டு நாள் தங்கினார். கடை ஒரு நாளும் மூடப்படவில்லை. விற்பனை வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவு. தேங்காய் வாங்கியதில் சிறிது நட்டம். ஆனால் அவருடைய மகள் அப்பன்னிரண்டு நாட்களில் ஒரு நாளும் கல்லாவில் அமரவில்லை.

வாசகர்களுள் கடை நடத்துவோர் இவ்வாரத்திலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று கடைக்குப் போகாதீர்கள். கைபேசியில் அழைக்கவும் செய்யாதீர்கள். மாலையில் சென்று, எவ்வேலை நின்றது, எவ்வேலை நடந்தது என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நின்றுபோன வேலைகளின் பட்டியலே நீங்கள் அடுத்துக் கற்றுக்கொடுக்க வேண்டியவற்றின் பட்டியல். ஒரு நாள் நடந்த கடை, பிறகு மூன்று நாள் நடக்கும். மூன்று நாள் நடந்த கடை, பதினாறு நாளும் நடக்கும்.